நான் ஹார்ட் டாக்டராக இருந்த வருஷங்கள்

இதய நோய் கௌரவமான நோய். எனக்கு அது வந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. கொழுப்பு கூடிவிட்டது, ரத்தக்குழாயில் அடைப்பும் லேசாக ஆரம்பித்திருக்கிறது என்று டிஸ்பென்சரி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்த மறுநாள், எங்கள் செக்‌ஷனே என் மேஜையைச் சுற்றி நின்றது. பக்கத்து சீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஓட்ஸ் பாக்கெட் வாங்கிவந்தார். ஃபைலைத் தவிர வேறு எதற்கும் என் முகத்தைப் பார்த்திராத அதிகாரி தோளைத் தட்டிவிட்டுப் போனார். லிஃப்டில் எனக்கு முதலில் வழிவிட்டார்கள். நானும் கொஞ்சம் மெதுவாகவே நடந்து காட்டினேன். கிடைத்ததை அனுபவிப்போமே என்றுதான்.

என் இன்னொரு நோய் இதைவிட ரொம்ப மூத்தது. அதற்காக யாரும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கிவந்ததில்லை. தெரிந்தால்தானே வாங்கிவர! எச்.ஐ.வி. என்ற சொல்லை ஏ.ஆர்.டி. சென்டருக்கு வெளியே, இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதுவும் என்னுடையதை அல்ல. எனக்கு எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். தோன்றட்டும். அதைச் சொல்வதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை.

ஒருவரை நினைத்து நினைத்து மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. தில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தனிக்கட்டை. மாதம் ஒரு நாள், அரை நாள் லீவு போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் இருந்த ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போவேன். எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கம் மாத்திரை கொடுக்கும் இடம் அது. நீளமான நடை, சுவரோரம் பெஞ்சுகள், மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய். சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கூப்பிடும்வரை உட்கார வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். வாயில் துப்பட்டா, தலையில் குல்லா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. உள்ளே வெயில் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு நாள் கவுன்ட்டரில் இருந்தவன் என் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு, நான் தரவே இல்லை என்று சாதித்தான். ஹிந்தியில் சண்டை போட்டுத் தோற்றுவிட்டு, பெஞ்சில் வந்து உட்கார்ந்து தமிழில் அவனை வாய்க்கு வந்தபடி வைதேன். பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், தலையைத் திருப்பாமலே சொன்னது:

"நல்லா வையிங்க சார். எனக்கும் சேத்து வையிங்க. போன மாசம் என்னுதையும் இப்புடித்தான் காணாக்கினான்."

அப்படித்தான் அவர் எனக்குப் பழக்கமானார். விழுப்புரம் பக்கத்துக்காரர். ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயை ஒட்டித் தமிழர்கள் இருந்த மதராசி கேம்ப்பில் குடிசை. ஜங்புராவிலேயே நாலு வீடுகளில் வீட்டுவேலை. புருஷன் கட்டட வேலைக்குப் போனவர். நோயைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், அப்போது ஒன்பது வயது. மகளுக்கு ரத்தம் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்று சீட்டு வந்த அன்று, அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கேம்ப் வரைக்கும் நடந்தே போனாராம். பஸ்ஸில் ஏறினால் அழுகை வந்துவிடும், நடந்தால் யாருக்கும் தெரியாது என்று.

மாத்திரை வாங்கியதும் எல்லோரும் செய்கிற ஒரு வேலை உண்டு. தண்ணீர்க் குழாய் மூலைக்குப் போய், பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளை நனைத்துக் கிழித்துவிடுவோம். சிலர் மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றுவார்கள். குலுங்கினால் சத்தம் வருமென்று பஞ்சு திணிப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. புதிதாக வருகிறவன்கூட இரண்டாம் மாதமே அந்த மூலைக்கு வந்துவிடுவான். நானும் அவரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று லேபிள் சுரண்டுவோம். என் விரல் நகம் மொண்ணை. என் பாட்டிலையும் பிடுங்கி அவரே சுரண்டிக் கொடுப்பார். ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்கிற வேலைகளில் எனக்கு வாய்த்தது அது ஒன்றுதான். சிரித்துக்கொண்டே எழுதினாலும், உண்மை அதுதான்.

வேலை பார்க்கும் வீட்டுக்காரிகளிடம் மாதா மாதம் சுட்டி, அதாவது லீவு, கேட்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரு மாதம் காய்ச்சல், ஒரு மாதம் மாமியார் சாவு. "சார், மாமியாரை மூணு தடவை சாவடிச்சிட்டேன். இனிமே ஆளு இல்ல" என்றார்.

நான்தான் சொன்னேன். "ஹார்ட் ப்ராப்ளம்னு சொல்லுங்க. மாசா மாசம் டாக்டர் பாக்கச் சொல்லியிருக்கார்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"நெஞ்சு வலி வந்த மாதிரி நடிக்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். படி ஏறும்போது ஒரு தடவை நின்னு பெருமூச்சு விடுங்க. போதும்."

பொய் அருமையாகப் பலித்தது. வீட்டுக்காரிகள் கனமான வாளியைத் தூக்க விடவில்லை. ஒருத்தி பழைய ஃபேன்கூடக் கொடுத்தாள். மகளிடமும் அதையே சொல்லிவிட்டார். தினமும் ராத்திரி போடும் மாத்திரை ஹார்ட் மாத்திரை ஆயிற்று. மாத்திரை இருந்தால் டாக்டர் வேண்டுமே? அந்த டாக்டராக என்னை வைத்தார். வெள்ளைத் தலை, தமிழ்க்காரர், முன்கோபி. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் நம்பரை வாங்கி, மகளிடமே கொடுத்து, ஃபோனில் 'ஹார்ட் டாக்டர்' என்று ஏற்றவைத்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நான் என்னென்ன சொன்னேன் என்று எனக்கே வந்து சொல்வார்.

"நீங்க பாப்பாவ நல்லாப் படிக்கச் சொன்னீங்க சார்."

"அப்படியா? வேற என்ன சொன்னேன்?"

"ராத்திரி ஜல்தி வீட்டுக்கு வரச் சொன்னீங்க. அம்மாவக் கவலைப்பட வெச்சா அம்மா இதயம் நின்னுடும்னு சொன்னீங்க. பயந்துக்கிச்சு."

இப்படி, நான் பார்த்தே இராத ஒரு பெண்ணை நான் வளர்த்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் டி.வி. பார்க்கக் கூடாதென்றேன். கம்ப்யூட்டர் வகுப்பில் சேரச் சொன்னேன். யாரோ ஒரு பையன் பின்னால் வந்தபோது கண்டித்தேன். எல்லாம் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே. வீட்டுக்குப் போனதும், அந்தக் குடும்பத்தில் என் பேச்சுக்கு மதிப்பிருக்கிறது என்ற நினைப்பிலேயே சாப்பாடு இறங்கும்.

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினால் நாங்கள் அந்நியர்கள். அது அங்கே எல்லோருக்கும் பொதுவான சட்டம். ஒரு தடவை ஜங்புராவில் ஒரு நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். தண்ணீர்த் தட்டோடு வந்தவர் அவர். "பானி, சாப்" என்று நீட்டினார். எடுத்துக்கொண்டேன். சேலை முந்தானையைச் செருகியிருந்தார், நெற்றியில் வேர்வை. பெஞ்சுக்கு வரும் அவரை எனக்குத் தெரியும், இந்த அவரைத் தெரியாது. கண்ணுக்கு நிறையப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை. அடுத்த மாதம் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் ஒரு சத்தியம் கேட்டார்.

"எது வந்தாலும் எம் பொண்ணுக்குத் தெரியக்கூடாது சார். நான் செத்தாக்கூட. என்னைப் பத்தி அது வேற மாதிரி நெனைக்கிறத நான் பாக்க முடியாது."

சத்தியம் செய்தேன். என் கையை நீட்டினேன், அவர் தொட்டார். அவ்வளவுதான் நாங்கள் தொட்டுக்கொண்டது.

காதலா என்று கேட்டால், இந்த வயதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? ஆமாம். நான் அதை அவரிடம் சொன்னதில்லை. அவர் என்னை சார் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு தடவை வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். என்னவென்று கூப்பிடவேண்டும் என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போவதற்குள் சென்டரில் பேச்சு மாறிவிட்டது. ஆரம்பத்தில் டாக்டர்கள் எங்களைப் பார்க்கும்போது, இவன் அடுத்த தீபாவளிக்கு இருப்பானா என்கிற பார்வை இருக்கும். இப்போது கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்த்தார்கள். எடை பார்த்தார்கள். சிகரெட் உண்டா, ஊறுகாய் உண்டா என்றார்கள். வைரஸ் அடங்கிவிட்டது; ஆனால் அடங்கிக் கிடந்தாலும் ரத்தக்குழாய்களில் அது வருஷக்கணக்கில் ஒரு புகைச்சலை வைத்துக்கொண்டே இருக்கும்; சில மாத்திரைகள் கொழுப்பை ஏற்றும்; வயதும் ஏறுகிறது; அதனால் மற்றவர்களைவிட உங்களுக்கு மாரடைப்பு முந்திக்கொண்டு வரலாம் என்று சொன்னார் அங்கிருந்த இளம் டாக்டர். நல்ல பெண். கையில் இதயப் படத்தை வைத்துக்கொண்டு விளக்கினாள்.

வெளியே வந்ததும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "முப்பத்தஞ்சுல சாவுவேன்னு துணிமணிகூட வாங்காம இருந்தேன் சார். இப்ப உப்பக் கொறைக்கச் சொல்றாங்க."

எனக்குக் கொழுப்புக்கு மாத்திரை எழுதியது சென்டர் டாக்டர் இல்லை; டிஸ்பென்சரி டாக்டர். அவரிடம் என் மற்ற மாத்திரைகளைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. ஓட்ஸும் தோள்தட்டலுமாக இரண்டு வாரம் போயிற்று. மூன்றாவது வாரம் தொடை இரண்டும் அடித்துப் போட்டது போல் வலித்தது. சிறுநீர் டீ நிறத்தில் போயிற்று. பயந்துபோய் சென்டருக்கு ஓடினேன். இளம் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். நானும் அவரும் சாப்பிட்டது, முதல் மருந்து பலிக்காமல் போனவர்களுக்குத் தரும் இரண்டாம் வரிசை மாத்திரை. கொழுப்பு மாத்திரைகளில் ஒரு வகை அதோடு சேரவே கூடாதாம். அது உடம்பில் பலமடங்கு தங்கித் தசையைக் கரைத்து, சிறுநீரகத்தில் கைவைத்துவிடுமாம். "எந்த டாக்டரிடம் போனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்" என்று திட்டினாள். வேறு கொழுப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தாள். தலையாட்டினேன். டிஸ்பென்சரியில் மட்டும் அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அங்கே இருக்கும் கம்பவுண்டர் எங்கள் பிளாக்கிலேயே இருப்பவர்.

அதே வருஷம் அவருக்குப் பிரஷர் கூடியது. நடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வருவதற்குள் நின்று நின்று வந்தார். பேச்சும் மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்க நின்றது. ஈசிஜி எடுக்கச் சொல்லி மூன்று தடவை சீட்டு எழுதினார்கள். அதற்கு இன்னொரு நாள் வரவேண்டும். இன்னொரு நாள் சுட்டி கேட்கவேண்டும். "பதிமூணு வருசமா ஹார்ட் நோயாளி சார் நானு. எனக்குப் பழக்கம்தான்" என்பார். நான் அதட்டியிருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போயிருக்க வேண்டும். கையைப் பிடிக்கும் உரிமை எனக்கு ஏது என்று சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு கேம்ப்பை இடித்தார்கள். நாலாவை அடைக்கிறதாம், வெள்ளம் வருகிறதாம். புல்டோசர் வந்த அன்று நான் ஆபீஸில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தேன். தமிழில் அழுதுகொண்டிருந்த முகங்களுக்குள் அவர் முகத்தைத் தேடினேன். கொஞ்சம் பேருக்கு நரேலாவில் ஃப்ளாட் கொடுத்தார்கள். இவருக்கும் கிடைத்தது, நாலாவது மாடியில். தில்லியின் மறுகோடி. ஜங்புரா வேலையை விட முடியாமல், விடியுமுன்னே கிளம்பி பஸ்ஸும் மெட்ரோவுமாக வந்துபோனார்.

அந்தச் சமயத்தில்தான் சென்டரில், நிலைமை சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் கவுன்ட்டரில் போய், எனக்கு மாதா மாதமே போதும் என்று கேட்டுப்பார்த்தேன். பைத்தியமா என்று பார்த்தான். வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை பார்த்த முகத்தை இனி நாலு தடவைதான் பார்க்கலாம். அந்த மூன்று மாதங்களில் ஒவ்வொரு நாளும் அவருக்கு என்னென்ன சொல்லவேண்டும் என்று சேர்த்துவைத்துக்கொண்டே போவேன். பார்த்ததும் பாதி மறந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனில் அவர் பெயர் வந்தது. அவராக என்னைக் கூப்பிடுவதே இல்லை. எடுத்தேன். குரல் வேறு, மகளுடையது.

"டாக்டர் அங்கிள்? நான் அவங்க பேட்டி பேசறேன். அம்மாக்கு மார்ல தர்த் ஆகுது, ரொம்ப வலி. காலைலேர்ந்து. பஸீனா பஸீனாவா வேர்த்து ஊத்துது அங்கிள், சேலை முழுக்க நனைஞ்சிடுச்சு."

இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டேன். "எப்பலேர்ந்து?"

"ஆறு மணிக்கு ஸ்டார்ட் ஆச்சு. பழைய ப்ராப்ளம்தான், படுத்தா சரியாயிடும்னு அம்மா சொல்றாங்க. நீங்க குடுத்த ஹார்ட் மாத்திரை ஒண்ணு குடுத்தேன். வலி கம் ஆகலை. இன்னொண்ணு குடுக்கவா?"

நாலு மணி நேரம். இதய நோய் இருக்கிற அம்மா, இதய மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். இதில் பதற என்ன இருக்கிறது என்று நாலு மணி நேரமாக அந்தப் பெண் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த மாத்திரைக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது இந்த தில்லியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் வலியில் கிடந்தார். இன்னொருவன் நான்.

"மாத்திரை வேண்டாம். இப்பவே ஆம்புலன்சுக்கு ஃபோன் பண்ணு. ஒரு அடிகூட நடக்க விடாதே. கீழே தூக்கிட்டுதான் வரணும்."

"அம்மா வரமாட்டேங்கறாங்க அங்கிள். ரெஸ்ட் எடுத்தாப் போதும்னு நீங்கதான் எப்பவும் சொல்வீங்களாமே?"

சொல்லியிருப்பேன். என்றைக்கோ, எதற்கோ, அவர் வாய் வழியாக. கத்தினேன். "நான் டாக்டர் சொல்றேன்! உடனே கிளம்பு! அவங்க பேச்சைக் கேக்காதே!" பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னல் திறந்தது. வாழ்க்கையில் அப்படி நான் யாரையும் அதட்டியதில்லை. அந்தப் பெண் அடங்கி, "அச்சா அங்கிள்" என்றாள்.

நரேலாவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, மாரடைப்புதான் என்று சொல்லி, ஊருக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் ஃபோனில் சொன்னதும் நான் ஆட்டோ பிடித்து அங்கே போனேன். எமர்ஜென்சி வாசலில் ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கண் மூடியிருந்தது. உதடு சாம்பல் நிறம். பக்கத்தில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் வளர்த்த பெண். அம்மாவின் அதே அகன்ற நெற்றி.

உள்ளே, ஹரியானா பக்கத்து இளம் டாக்டர் ஒருவர் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? பெண் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். லேபிள் இல்லை. சுரண்டின இடம் வெள்ளையாக இருந்தது.

"இது என்ன?"

"ஹார்ட் மாத்திரை. இதோ, இவர்தான் அம்மாவோட ஹார்ட் டாக்டர்."

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். பாதி இஸ்திரி போட்ட சட்டை, ரப்பர் செருப்பு, கையில் மஞ்சள் பை. "நீங்கள் டாக்டரா?" என்றார் ஹிந்தியில்.

இல்லை என்றேன். பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"அப்படியானால் இது என்ன மாத்திரை? அடைப்பை எடுக்கவேண்டும், அதற்கு முன்னும் பின்னும் நிறைய மருந்து கொடுக்கவேண்டும். எதோடு எது சேரும் என்று எனக்குத் தெரியவேண்டும்."

என் தொடை வலி ஞாபகம் வந்தது. என் சத்தியமும் ஞாபகம் வந்தது. டாக்டரின் கையைப் பிடித்து, திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். குரலைத் தாழ்த்தி ஹிந்தியில் சொன்னேன். எச்.ஐ.வி., பதினாறு வருஷம், இரண்டாம் வரிசை மாத்திரை, பெயர் இன்னது, கொழுப்பு மாத்திரையில் அந்த வகை மட்டும் வேண்டாம். ஒரு தமிழ் டாக்டராக இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பாதி புரியாமல் போயிருக்கும். அவள் தில்லியில் பிறந்தவள். ஹிந்தி அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திரையோ வெறும் துணி. திரும்பியபோது அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் ஒன்றும் அதிர்ச்சி காட்டவில்லை. "நல்லவேளை சொன்னீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிப்போய்விட்டார். ஸ்ட்ரெச்சரில் இருந்தவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வெளியே சிமென்ட் திண்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தாள். திட்டுவாள், அழுவாள், எழுந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். ஏதோ கணக்குப் போடுகிறவள் போல விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"மாசா மாசம் அம்மா அங்கே தனியாவா போனாங்க?"

"இல்லம்மா. நான் கூட இருந்தேன்."

அதைக் கேட்டதும்தான் அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். அந்த வாக்கியத்தை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று பதினாறு வருஷமாக எனக்குள் இருந்திருக்கிறது என்பது அதைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். தாமதமாக வந்ததால் இதயத்தின் ஒரு பகுதி பலவீனப்பட்டுவிட்டது, ஆனால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். இரண்டாம் நாள் பார்க்க அனுமதித்தபோது மகளோடு நானும் போனேன். மகள் அம்மாவின் தலையைத் தடவி, "ஸப் பத்தா ஹை அம்மா. எல்லாம் தெரியும். கோயி பாத் நஹி, பரவால்ல" என்றாள். அவர் மகளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தண்ணீர்த் தட்டை நீட்டியபோது பார்த்த அதே பார்வை. தெரியாதவரைப் பார்க்கும் பார்வை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாத்திரைத் தேதிக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே சென்டரில் போய் உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. கவுன்சலரிடம் கேட்டேன். அடுத்தவர் விஷயத்தைச் சொல்லக்கூடாது என்பது அங்கே சட்டம். இத்தனை வருஷம் எங்களைச் சேர்ந்தே பார்த்தவர் என்பதால், அந்த அம்மாள் ஒரே ஒரு சொல் சொன்னார். "டிரான்ஸ்ஃபர்." வீட்டுக்குப் பக்கத்து சென்டருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். மகள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனாளாம்.

நல்லதுதானே? இனி மகளே கூட்டிக்கொண்டு போவாள். மகளே பக்கத்தில் உட்காருவாள். மாத்திரையை ஒளிக்க வேண்டியதில்லை. பொய் சொல்லிச் சுட்டி கேட்கவேண்டியதில்லை. இதயத்துக்கும் மற்றதற்கும் ஒரே டாக்டரிடம் ஒரே சீட்டில் எழுதி வாங்கலாம். ஒரு நோயாளிக்கு இதைவிட நல்லது என்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டு என்ன? எனக்கு அவரைப் பார்க்கவேண்டும். சத்தியத்தை மீறியதற்கு என்னை ஒரு தடவை வாய் நிறையத் திட்டவேண்டும். அந்த விழுப்புரத்து வசவு ஒன்றுகூட மிச்சமில்லாமல் கேட்கவேண்டும்.

மூன்று மாதம் பொறுத்தேன். போன வாரம் ஃபோன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். இப்போதும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறாள். டாக்டர் மட்டும் போய்விட்டது. அம்மா நன்றாக இருக்கிறாள், கீழ்வீட்டுக்காரரோடு ஃப்ளாட்டை மாற்றிக்கொண்டு தரைத்தளத்துக்கு வந்துவிட்டோம், வேலையை விட்டுவிட்டாள், சாயந்திரம் பார்க்கில் நடக்கிறாள் என்றாள்.

"அம்மாகிட்ட ஒரு நிமிஷம் குடுக்கறியாம்மா?"

ஃபோனைக் கையால் மூடினாள் போலிருக்கிறது, சரியாக மூடவில்லை. பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"நான் தூங்குறேன், எழுப்ப முடியாதுன்னு சொல்லிட்டு ஃபோன வெய்யி பாப்பா."

கோபமா, வெட்கமா, எனக்குத் தெரியாது. மகள் தயங்கித் தயங்கி, "அம்மா தூங்குறாங்க அங்கிள்" என்றாள். சரிம்மா, எழுப்பாதே என்றேன்.

கடைசி இரண்டு வருஷமாக மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கித்தான் அவரால் பேச முடிந்தது. இத்தனை நீள வாக்கியத்தை இப்போது எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சில் சொன்னார். ஃபோனை வைத்த பிறகும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப்பார்த்தேன். எங்கேயும் நிற்கவில்லை.